சிங்கப்பூரில் கேட்ட ராகு காலம்

எனக்குத் தொலைபேசியில் பேசப் பயம். வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் தையற்கடையில், பிளவுஸ் தைத்து முடிந்ததும் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். அதை எப்போதும் முதலாளி அக்காதான் செய்வார். அவருக்குத் தொண்டை பழுதாகி, அதிகம் கதைக்கக் கூடாதென்று டொக்டர் சொன்னதும், அந்த வேலை என் பக்கம் திரும்பியது.

என் முகத்தைப் பார்த்து இரங்கினாரோ என்னவோ, கிருலப்பனையில் இருக்கும் தன் மருமகளை அழைத்தார். கணினி வேலை செய்கிறவள். செய்தி வாடிக்கையாளருக்குத் தானாகப் போக இரண்டு வழி இருக்கிறது என்றாள். ஒன்று, அவளே ஸ்கிரிப்ட் என்ற நிரலை எழுதி, எங்கோ இருக்கும் சேர்வர் கணினியில் ஓட விடுவது. செலவு குறைவு, சொன்னதையெல்லாம் செய்யும். ஆனால் எதை மாற்றுவதென்றாலும் அவளைத்தான் கூப்பிட வேண்டும். மற்றது, திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து அம்புக்குறியால் இணைப்பது.

“இதை லோ-கோட் எண்டு சொல்லுவினம் அன்ரி. மாதம் மாதம் காசு கட்டவேணும். ஆனா நீங்களே மாத்தலாம்,” என்றாள் என்னிடம்.

“நீர்தானே இதோட மாரடிக்கப் போறீர், நீரே சொல்லும்,” என்றார் அக்கா.

நான் பெட்டிகளைக் காட்டினேன். அவளுக்கு அடிக்கடி போன் எடுக்க வேண்டி வராது என்பதுதான் காரணம். அதை வெளியில் சொல்லவில்லை.

முதல் பிளவுஸ் முடிந்ததென்று நான் கணினியில் குறித்ததும், பெட்டிக்குப் பெட்டி பச்சை வெளிச்சம் தாவியது. அக்காவின் போனுக்குப் பரீட்சார்த்தமாக வட்ஸ்அப் வந்து விழுந்தது. நான் வாயே திறக்கவில்லை. ஆனால் என் கை இழுத்த கோடு ஒருவரைக் கூப்பிட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை பகலுக்கு முன் ஒரு கூறைச் சாறி பிளவுஸ் முடிந்தது. குறித்தேன். உடனே கடைப் போன் அடித்தது. அக்கா எடுத்து என் காதில் வைத்தார். மணப்பெண்ணின் தாய்.

“என்ன தங்கச்சி, கூறைப் பிளவுஸ் றெடி எண்டு ராகு காலத்திலயோ சொல்லுறது? அக்கா இருந்தா இப்பிடிச் செய்வாவே?”

நான் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா எப்போதும் சுவர்க் கலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் போனைத் தொடுவார். கண்ணெதிரே நடந்ததை நான் ஒரு பெட்டியாக நினைத்ததேயில்லை.

அக்கா கரகரத்த குரலில், “இன்னொருக்கா நடந்தா இந்த வட்ஸ்அப் மெஷினை நிப்பாட்டும். நீரே போன் எடுத்துச் சொல்லும்,” என்றார்.

ராகு காலம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம். ஏழு நாளுக்கும் பெட்டி வைத்தேன். சிக்கின நூல்தான் திரையில். வியாழக்கிழமையின் அம்பு ஞாயிற்றுக்கிழமைக்குப் போய் நின்றது. வேறு வழியின்றி மருமகளுக்குப் போன் எடுத்தேன். எடுக்க முதல் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்கட பெட்டியள் இருக்கட்டும் அன்ரி. நாள் கணக்குக்கு மட்டும் நான் சின்ன ஸ்கிரிப்ட் ஒண்டு சேர்வரில போடுறன். அனுப்ப முதல் பெட்டி அதிட்டக் கேக்கும். ராகு காலம் எண்டா பொறுக்கும்.”

“சேர்வர் எங்க பிள்ளை இருக்கு?”

“சிங்கப்பூரில.”

வெள்ளவத்தையில் ராகு காலமா என்று கடல் கடந்து போய்க் கேட்டு வருமாம்.

அடுத்த வெள்ளி, அதே கல்யாண வீட்டுத் தோழிப்பெண்ணின் பிளவுஸ் முடிந்தது. பதினொரு மணி. குறித்தேன். பச்சை வெளிச்சம் ராகு காலம் கேட்கும் பெட்டியில் போய் நின்றுவிட்டது. தையல்காரப் பெண்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தார்கள். எனக்கு எழும்ப மனமில்லை. அக்காவும் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். பன்னிரண்டு கடந்ததும் வெளிச்சம் தானாக அடுத்த பெட்டிக்குத் தாவியது.

கடைப் போன் அடித்தது. என்னை அறியாமல் நானே எடுத்தேன்.

“இப்பதான் தங்கச்சி மெசேஜ் வந்தது. பின்னேரம் வாறம்,” என்றார் அந்தத் தாய். “அக்காவுக்குத் தொண்டை சுகமே? கலண்டர் பார்த்துத்தானே அனுப்பியிருக்கிறா.”

“ஓம்,” என்றேன். சிங்கப்பூரைப் பற்றி எப்படிச் சொல்வது?