எனக்கு நானே அக்கா

எனக்கு அப்போது மூன்று மாதம். பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு ஏதும் உண்டா என்று பார்க்க, திருவொற்றியூர் டாக்டர் என்னையும் என் வீட்டுக்காரரையும் ராயபுரத்தில் ஒரு லேபுக்கு அனுப்பினார். தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் அது இருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்தாம். ரிசல்ட் வந்ததும் டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் அதுதான் வழக்கம்: நோய் நமக்கு, சேதி கூட வந்தவருக்கு.

"ரத்தத்துல கொஞ்சம் கோளாறு கீதாம்" என்று வீட்டில் அவர் முணுமுணுத்ததோடு சரி. யார் ரத்தம் என்று சொல்லவில்லை. மாமியாருக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. மறுநாளிலிருந்து ரத்தம் ஊறட்டும் என்று ஆட்டுச் சுவரொட்டிக் கறி, பீட்ரூட், பேரீச்சம்பழம் எல்லாம் என் தட்டில். அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் என்னைப் பார்த்தார்கள். பிள்ளை பிழைக்குமா என்ற பயத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. அவரைக் கேட்டால், "கம்முனு சாப்டு" என்பார்.

ஒருநாள் அவர் எண்ணூருக்கு ஷிப்டுக்குப் போனதும் பஸ் ஏறினேன். லேப் கவுன்டரில் புது ஆள். எனக்கு முன்னால் நின்ற அம்மாளை, "பேஷண்ட் கையில குடுக்க மாட்டோம்மா, பயந்துருவீங்க. கூட யாராவது இருந்தா அனுப்புங்க" என்று திருப்பி அனுப்பினார். அடுத்து நான். என் பெயரைச் சொல்லி ரிசல்ட் கேட்டேன்.

"அவங்களுக்கு நீங்க இன்னா வேணும்?"

"கூடப் பொறந்த அக்கா" என்றேன். எனக்கு அக்காவே கிடையாது.

"உங்க தங்கச்சிக்கு ஒண்ணுமில்ல. கோளாறு அவங்க வூட்டுக்காரருக்குதான். ஒருத்தருக்குத்தான்றதால கொழந்தைக்குப் பயமில்ல. டாக்டரே அவர்கிட்ட சொல்லியிருப்பாரே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க."

"அவ ரொம்ப பயந்த சுபாவம். மூச்சு விட மாட்டேன்" என்று சத்தியம் செய்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியில் அழுதேன். காசிமேடு தாண்டுவதற்குள் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

சாயங்காலம் அவரைப் பிடித்தேன். "கொழந்தைக்கு ஒண்ணுமில்லன்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?"

தலையைச் சொறிந்தார். "தெரியும். சொன்னா, அப்ப யார் ரத்தம்னு கேப்பியே."

"நீயே போயி உங்கம்மாகிட்ட சொல்லு."

போய்ச் சொன்னார். இந்தக் கோளாறு பிறக்கும்போதே கூட வருவது, நடுவில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை என்பதை அவர் விட்டுவிட்டதால் நான் எடுத்துக் கொடுத்தேன். மாமியார் மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முன்ன நல்லாத்தான் இருந்தான்" என்றார்.