கண்மாய்க்கரைச் சரவெடி

கண்மாய்க்கரையில் யாரோ சரவெடியைப் பிரிக்கும் காகிதச் சத்தம். என் முதுகு விறைத்தது.

என் சிறுவயதில், ஒரு தீபாவளிக்கும் இதே சத்தம்தான் கேட்டது. கரையில் கருவேல மரமெல்லாம் நாரைக் கூடுகள். வெடி செய்து பிழைக்கிற ஊர்தான், ஆனால் நாரைகள் மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடும் என்று யாரும் வெடி போடுவதில்லை. அது தெரியாமல், புது மாப்பிள்ளையாக வந்திருந்த சித்தப்பா சரத்தைப் பற்றவைத்துவிட்டார். திரி சீறியது. நாரைகள் கழுத்தை நீட்டின. வெடிக் கம்பெனியில் திரி வைக்கிற அம்மா பாய்ந்துபோய் அதை இரண்டு விரலால் நசுக்கினாள்.

"கோவிச்சுக்கிடாதீக தம்பி, இங்கன கூடு இருக்கு" என்றாள், வெந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்தபடி.

இப்போது கண்மாயில் தண்ணீருமில்லை, நாரையுமில்லை. இருந்தும் தடுக்கப்போக நான் எழுந்தேன்.

"வைக்கட்டும் விடு. பறந்து போக அங்கன என்ன இருக்கு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா.

சரம் வெடித்து ஓயும்வரை, தழும்பேறிய அந்த இரண்டு விரல்களும் மடியில் எதையோ நசுக்கிக்கொண்டே இருந்தன.