இடது கைக் காப்பு

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஊருக்குக் கடிதம் போடுவதைத் தவிர வேறு எதற்கும் பேனாவைத் தொட்டதில்லை. அதிலும் இது நாலு பேர் படிக்க எழுதுகிற விஷயமா என்று எனக்கே சந்தேகம். ஒரு பெண்பிள்ளை தன் மார்பைப் பற்றி எழுதலாமா என்று யாராவது முகம் சுளித்தால் எனக்குக் கோபம் வராது. நானாக இருந்தாலும் அப்படித்தான் சுளித்திருப்பேன். ஆனால் வாயால் சொல்லக் கூச்சப்பட்டதால்தான் நான் அந்தப் பாடு பட்டேன். வேறு யாரும் படக் கூடாது என்று எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் பலாங்கொடையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் மேலே ஏற வேண்டிய தேயிலைத் தோட்டம். எனக்கு நாற்பத்தொரு வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த கழலைகளையும் சேர்த்து எடுத்தார்கள். பிறகு ஐந்து வாரம் கரண்ட் பிடித்தார்கள். கதிர் வைக்கிற அந்தச் சிகிச்சைக்கு வார்டில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பெயர் சொன்னோம்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒரு சிங்கள நர்ஸ் என் இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "அக்கே, மே அத்த பரிஸ்ஸமென்" என்றாள். இந்தக் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். வளையல் போடாதே, ஊசி போட விடாதே, இறுக்கமாக எதையும் கட்டாதே, அட்டை கடித்தாலும் சோப்புப் போட்டுக் கழுவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கையிலிருந்து நீர் வடிகிற வழியை அக்குளோடு எடுத்துவிட்டார்கள், இனிமேல் அது லேசில் வடியாது என்றும் சொன்னாள். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். எல்லாம் விளங்கியது. அதை வீட்டில் வந்து யாரிடமும் நான் சொல்லவில்லை. கை, மார்பு என்று பேச்சை எடுக்கவே எனக்கு நாக்கு எழவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் நோய் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முகம் தெளிந்துவிட்டது, கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய் என்றெல்லாம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னார்கள். எனக்கோ கொடியில் துணி போட இடது கை எழாது. அக்குளில் ஒரு கயிறு சுண்டி இழுப்பது போலிருக்கும். மேல் கையின் உட்புறம் மரத்துப்போய், கிள்ளினாலும் தெரியாது. ஆனால் இல்லாத மார்பு அரிக்கும். எதைச் சொறிவது? கரண்ட் பிடித்த இடம் கறுத்து, வெயில் பட்டால் எரியும். காலையில் சாதாரணமாக இருக்கிற கை, பின்னேரம் ஆக ஆக ஈரத்துணி மாதிரிக் கனக்கும். வலது பக்கம் மட்டும் பாரம் இருப்பதால் கழுத்தும் முதுகும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வலிக்கும். ரவிக்கைக்குள் பழைய சேலைத் துணியைச் சுருட்டி வைத்திருந்தேன். மழையில் நனைந்தால் அது கீழே இறங்கிவிடும். அதைச் சரிசெய்ய தேயிலை மரத்துக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும்.

இவை எதுவும் உயிரை எடுக்கிற வலி இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் தொடங்கும்போது, கட்டிதான் திரும்பி வந்துவிட்டதோ என்று தையலைத் தடவிப் பார்ப்பேன். யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. கொழுந்துக் கூடை போட முடியாது என்று கணக்கப்பிள்ளையிடம் என் வீட்டுக்காரர் சொல்லி, கன்று வளர்க்கிற தவறணையில் பைகளுக்கு மண் நிரப்புகிற வேலை வாங்கித் தந்தார். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக இருக்கிற எங்கள் லயத்தில் எல்லோரிடமும் வயிற்றில் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தோம்.

எங்களைத் தவிர உண்மை தெரிந்தவர் பக்கத்துக் காம்பரா அக்கா மட்டுந்தான். வந்த புதிதில் என்னைக் குளிப்பாட்டி விட்டவர் அவர். வாய்த் துடுக்கு அதிகம். முதல் நாள் என்னைப் பார்த்து அழுதுவிட்டு, அடுத்த நாளே, "ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். நம்ம தோட்டத்து ரோடு மாதிரியே இருக்கடி நீ" என்றார். தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் வீட்டுக்காரர் தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். நான் உயிரோடு திரும்பினால் திருவிழாவில் பால்குடம் எடுப்பேன் என்று நேர்த்தி. நேர்ந்தது அவர், எடுக்க வேண்டியது நான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன். வலது கையால் குடத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று வெறுங்குடத்தைத் தலையில் வைத்துப் பழகிக்கூடப் பார்த்தேன். பால்குடத்துக்கு முன்னால் காப்புக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

காப்பு என்பது மஞ்சளில் தோய்த்த நூல். அதில் ஒரு மஞ்சள் துண்டை வைத்து மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டியவர் ஏழு நாள் கறி புளி சேர்க்காமல் விரதம் இருக்க வேண்டும், தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது, ஏழாம் நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பூசாரி அவிழ்க்கிற வரைக்கும் நூலில் கை வைக்கக் கூடாது. ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. முந்தின வருஷம் ஒருவர் குடித்துவிட்டுக் காப்பை அறுத்தெறிந்தார். அந்த மாதமே கீழே இருக்கிற பணிய லயத்தில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. அவர் குடும்பத்தோடு இன்றைக்கும் சிலர் தண்ணீர் வெந்நீர் புழங்குவதில்லை.

காப்புக் கட்டுகிற அன்று கோயில் வாசலில் முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது நான் வலது கையை நீட்டினேன். பூசாரி தலையைத் தூக்காமலே, "என்னாம்மா, வீட்டுக்காரருக்குச் சேத்து நீயே கட்டிக்கிறியா? பொம்பளைக் கையக் குடு" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுற்றி அத்தனை ஆண்கள். என் முகம் சுட்டது. இடது கையை நீட்டிவிட்டேன். அவர் மூன்று சுற்றுச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார்.

அன்றைக்கு நூலுக்கு அடியில் என் சுண்டுவிரல் போனது. அது போதும் என்று நினைத்தேன். மறுநாள் பின்னேரம் மழையில் நனைந்து தவறணையிலிருந்து வந்தேன். நனைந்த நூல் காய்ந்ததும் இறுகிவிட்டது. மூன்றாம் நாள் விரல் போகவில்லை, விளக்குமாற்று ஈர்க்குத்தான் போனது. ஒரு நாளைக்குப் பத்து முறையாவது அந்த ஈர்க்கை விட்டுப் பார்த்திருப்பேன். நான்காம் நாள் ஈர்க்கும் போகவில்லை. நூலுக்கு இரண்டு பக்கமும் சதை எழும்பி, நூல் உள்ளே போய்விட்டது. விரல்கள் மடங்கவில்லை. சேலை முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். விரதம் என்பதால் என் வீட்டுக்காரர் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் தனியாகப் படுத்தார். அது எனக்கு மறைக்க வசதியாகப் போயிற்று.

இன்னும் மூன்று நாள்தானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மூன்று நாளில் கை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அறுத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்த மாதிரி இருந்தது. லயத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். அதைவிட, காப்பை அறுத்தால் கொடுத்த உயிரை அம்மன் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

ஐந்தாம் நாள் காலையில் பீலிக்குப் போன இடத்தில் எனக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. வாளி கை நழுவியது. பின்னால் நின்ற அக்கா என் முந்தானையை விலக்கிப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கை சிவந்து பளபளவென்று இருந்தது. சிவப்புக் கோடு ஒன்று அக்குளை நோக்கி ஏறியிருந்தது. அக்கா தன் காம்பராவுக்குப் போய்க் கத்தரிக்கோலோடு வந்தார்.

நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"கையக் குடுடி."

"வேணாங்கா. ரெண்டு நாளு."

"ரெண்டு நாளையில ஒன்னைய அந்தச் சுடுகாட்டு மேட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போவணும். நூலப் பாக்கிறியா, உசுரப் பாக்கிறியா?"

"நீங்க அறுத்தா பாவம் ஒங்களுக்கு."

"எனக்கு இருக்கிற பாவத்தோட இதும் ஒண்ணு" என்றார். ஆனால் அவருக்கும் கை வரவில்லை. கத்தரிக்கோலை மடியில் செருகிக்கொண்டு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக் களத்துக்குப் போய் என் வீட்டுக்காரரைக் கூட்டி வந்தார்.

அவர் என் கையைப் பார்த்தார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். நர்ஸ் சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறு என்றும் சொல்லவில்லை, அறுக்காதே என்றும் சொல்லவில்லை. வா என்று என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார்.

டிஸ்பென்சரி ஐயா சிங்களவர். நல்ல மனுஷன். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விஷக் காய்ச்சல் ஏறுகிறது, முதலில் இந்த நூல் போக வேண்டும், இன்றைக்குப் பஸ் போய்விட்டது, நாளைக்குக் காலையில் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றார். நீங்களே வெட்டிவிடுங்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஐயா தன் வலது கையைக் காட்டினார். அதில் பன்சலையில் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல் இருந்தது.

"நானும் கட்டியிருக்கேன், பாருங்க. ஒங்க சாமி நூல நான் வெட்டினா, நாளைக்கு லயத்துல ஒண்ணு நடந்தா எல்லாரும் என்னயத்தானே கேப்பாங்க. கட்டினவருகிட்ட போங்க. ஆனா இன்னைக்கே போங்க."

மாத்திரை கொடுத்தார். அதை விழுங்கிவிட்டுக் கோயிலுக்கு ஏறினோம். அக்காவும் கூட வந்தார். வழியில் என் வீட்டுக்காரர் என்னிடம், பூசாரியிடம் தாமே பேசுவதாகச் சொன்னார். உடம்பு சரியில்லை, கை வீங்கிவிட்டது என்று சொன்னால் போதும் என்றார்.

கோயிலில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் தென்னோலை பின்னிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். பூசாரிக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். விரதத்தில் சுத்தம் குறைந்தால் அம்மன் இப்படிச் சோதிப்பாள், பத்தியத்தில் ஏதாவது தவறியிருக்கும், வேப்பிலை அரைத்துப் போட்டு இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல் என்றார். ஓலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், போன வருஷத்துக் கதையை ஞாபகப்படுத்தினார். அப்புறம் எல்லோரும் அதைப் பற்றியே பேசத் தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் இனிப் பேச மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா வாயைத் திறக்கப் போனார்.

நான் ஏன் முந்திக்கொண்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காய்ச்சலின் வேகமாக இருக்கலாம். சுத்தம் குறைந்தது என்று சொன்னது உறைத்திருக்கலாம்.

"சுத்தக் கொறவு இல்லீங்க. எனக்கு வயித்துல ஆபரேஷன் இல்ல. இந்தப் பக்கத்து மார எடுத்துட்டாங்க. இந்தக் கையில நூலு கட்டக் கூடாதுன்னு அங்கயே சொன்னாங்க. அன்னைக்கு ஒங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நீட்டிட்டேன்."

ஓலை பின்னுகிற சத்தம் நின்றது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவர் எழுந்து ஒலிபெருக்கியில் ஏதோ பழுது பார்ப்பவர் போல அந்தப் பக்கம் போனார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டே இருந்தேன்.

பூசாரி, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. ஆனாலும் அவிழ்க்க வழியில்லை என்றார். நேர்த்தி நேர்த்திதான். காப்பு ஒரு கையை விட்டு இறங்கினால் இன்னொரு கையில் ஏற வேண்டும். என் வலது கையில் கட்டினாலும், கட்டியவள் எல்லையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"நேந்தது நானுங்க. அவளைக் கேட்டா நேந்தேன்? எனக்குக் கட்டுங்க. குடத்த நான் எடுக்கிறேன்."

பால்குடம் எங்கள் தோட்டத்தில் பெண்கள்தான் எடுப்பார்கள். யாரோ ஒருவர் மெதுவாகச் சிரித்தார். "பொம்பளைங்களுக்கு நடுவுல நீ மட்டும் மீசையோட வருவியா?" என்று கேட்டார்.

"வாறேன்" என்றார் அவர். "மீசைய எடுக்கச் சொன்னா அதையும் எடுக்கிறேன்."

பூசாரி உள்ளே போய்க் கர்ப்பூரம் கொளுத்தினார். முதலில் என் வீட்டுக்காரருடைய வலது கையில் புது நூலைக் கட்டினார். பிறகு எலுமிச்சம்பழம் அறுக்கிற சின்னக் கத்தியை எடுத்தார். நூல் சதைக்குள் இருந்ததால் கத்தி முனையை உள்ளே விட இடம் கிடைக்கவில்லை. அக்கா என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, சதையைப் பிரித்துக் கொடுத்தார். நான் அம்மனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். நூல் அறுந்தது எனக்குத் தெரியவே இல்லை. அந்த இடம் அப்போதே மரத்திருந்தது. பூசாரி, "ஆச்சும்மா" என்றபிறகுதான் கண்ணைத் திறந்தேன். மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு பள்ளம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் இரத்தம் ஏறி, ஊசி ஊசியாகக் குத்தத் தொடங்கியது.

கீழே இறங்கும்போது எங்களுடன் யாரும் பேசவில்லை. பணிய லயத்து வாசலில் ஒரு பெண் தன் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் நானும் அக்காவும் பலாங்கொடைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் காப்புக் கட்டியிருந்ததால் வரவில்லை. ஆஸ்பத்திரியில் வலது கையில் பென்சிலின் ஊசி போட்டு என்னை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பின்னேரம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. திருவிழா அன்று நான் வார்டில் கிடக்க, என் வீட்டுக்காரர் சொன்னபடியே பெண்களுக்கு நடுவில் குடம் எடுத்தார்.