செல்லம்மாள் அக்கா மாற்றி வாசித்த கதை

பூக்கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அறந்தாங்கியிலிருந்து வந்த கண்டக்டர் இறங்கி, "ஒங்க அக்கா போயிட்டாங்கம்மா. மக வீட்டுல சொல்லி அனுப்புனாங்க" என்றார். கூடையை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. செல்லம்மாள் அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. கீரமங்கலத்தில் எங்களோடு பூக் கட்டிய உங்களுக்கு, பத்திரிகை வாசித்த அக்கா.

வாரம் ஒரு பெண்கள் பத்திரிகை அறந்தாங்கியிலிருந்து வரும். வந்ததும் அக்கா மனதுக்குள் ஒருமுறை படித்துவிடுவார். மறுநாள் நாம் கட்டக் கட்ட உரக்க வாசிப்பார். அவர் பங்குப் பூவை நாம் பிரித்துக்கொள்வோம். சமையல் குறிப்பு வந்தால், "முந்திரிப்பருப்பு அரைப்படியாம்டி. இருக்கிறவ போடுங்க, இல்லாதவ மோந்து பாருங்க" என்பார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, ஐந்தாவது வரை படித்தவள் என்று எங்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். நான் இரண்டாவதோடு மாடு மேய்க்கப் போனவள். கல்யாணமான புதிதில் ஒரு வாரம் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "எஞ் சின்ன மருமக படிச்சவதான், அவ வாசிப்பா" என்று என் மாமியார் பெருமையாகப் பத்திரிகையை என் மடியில் போட்டார். தெரியாது என்றால் என் அப்பாவின் பொய் வெளியே வந்துவிடும். தொடர்கதைப் பக்கத்தில், கிணற்றடியில் ஒரு பெண் நிற்கிற படம். எழுத்து கூடவில்லை. அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வீடு திரும்பினாள் என்று, படத்தைப் பார்த்தே வாசித்தேன். எதிரே இருந்த அக்கா என்னையே பார்த்தார்.

"அவ கெணத்துல விழுந்து செத்துட்டாடி" என்று பிறகு அடுப்படியில் சொன்னார். ஆனாலும் அடுத்த வாரம் அவளை உயிரோடு வைத்தே வாசித்தார். கதை முடிகிறவரை அப்படியே. அவளுக்கு வளைகாப்புகூட நடத்தினார். நான் அழுதபோது, "செத்தவளப் பொழைக்க வச்சிருக்க, அதுக்கா அழுவுற? ஒம் பின்னாடி புளுகிப் புளுகி எனக்குல்ல வாய் வலிக்குது" என்றார்.

சில வருஷம் கழித்து வந்த டீச்சரம்மா அதே கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்து வாசித்தார். நாம் எல்லோரும் அக்கா வீட்டு வாசலுக்குப் போனோம். "எழவு வீட்டுல எங்கள வளையல் சத்தம் கேக்க வச்சியேடி, புளுகுணி!" என்று கத்தினீர்கள். மாமியாரும் நின்றார். நான் வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார். "அவ செத்தான்னு வாசிக்க எனக்கு மனசு வரல ஆத்தா." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு அவரை யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை. தன் பங்குப் பூவைத் தானே கட்டினார். நேற்று சாவு வீட்டிலும், "எங்க புளுகுணி போயிட்டாளே" என்றுதான் அழுதீர்கள். ஆசையாகத்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் நிமிர முடியவில்லை.

அந்தப் பத்திரிகையை வைத்தே பிற்பாடு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை மாற்றாமல் வாசித்துக் காட்டுங்கள். முதலில் புளுகியவள் நான். அக்காவின் சேலை, தோடு, பெட்டி எல்லாம் அவர் மகளுக்கு. நீங்கள் அவருக்கு வைத்த பெயரை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். இனி என்னை அப்படிக் கூப்பிடுங்கள்.