லோஞ்சில் கேட்ட கோரஸ்

கிரேக்க நாகரிகப் பாடத்தை நான் மனப்பாடம் செய்ததெல்லாம் மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் லோஞ்சுப் படகில்தான். பரீட்சையன்று காலையிலும் துன்பியல் நாடகச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு இருந்த பாத்தும்மா, "கோரஸ் எண்டா என்ன மகள்?" என்று கேட்டார்.

"மேடையில ஒரு கூட்டம் நிக்கும். நடக்கிறதப் பாத்து ஒரே குரலில பாடும், அழும், புத்தி சொல்லும். ஆனா ஒண்டையும் மாத்த ஏலாது."

"அப்ப என்னத்துக்கு நிக்குது?"

பதில் தேடிக் குறிப்பைப் புரட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கொட்டியாரக் குடாவின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. லோஞ்சுக்காரர் என்ன செய்தும் அது அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூரத்தில் ஒரு மீன்பிடி வள்ளம் போனது. ஆளாளுக்குக் கத்தினார்கள், அது திரும்பவில்லை.

பாத்தும்மா எழுந்து நின்றார். "தனித்தனியாக் கத்தினாக் கேக்காது. எல்லாரும் ஒண்டாக் கூப்பிடுங்க. புள்ளைக்கு இண்டைக்குச் சோதினை."

லோஞ்சு முழுவதும் ஒரே குரலில் கூப்பிட்டது. வள்ளம் திரும்பி வந்தது. அதில் ஓர் ஆளுக்குத்தான் இடமிருந்தது. போட்டியில்லாமல் என்னை அனுப்பினார்கள். பாத்தும்மா என் கையைப் பிடித்து வள்ளத்தில் இறக்கிவிட்டார். மற்றவர்களைக் கூட்டிவர இன்னொரு லோஞ்சு அனுப்பச் சொல்வதாக வள்ளக்காரர் சொன்னார்.

பரீட்சையில் கோரஸைப் பற்றிக் கேள்வி வந்தது. கோரஸால் எதையும் மாற்ற முடியாது என்று புத்தகத்தில் இருந்தபடியே எழுதினேன். சித்தியும் அடைந்தேன். ஆனால் அந்த வரியை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பேனா பிடித்த கையில் கருவாட்டு வாடை அடித்துக்கொண்டிருந்தது.