வெடிச்ச நிலம் கேட்டவன்

எனக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. சும்மா இருக்கும்போதே என் முகம் கோபமாகத்தான் இருக்கிறது என்பாள் என் மனைவி. அதனால் போன மார்கழியில் எங்கள் பாட்டு ஆல்பத்துக்கு அட்டைப்படம் பிடிக்க வந்த சென்னைத் தம்பிக்கு, நான் கோபத்தில் இருப்பது கடைசிவரை தெரியவில்லை. போனில் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பாளையம்பட்டியில் மைக் செட் வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டேன். காதுகுத்து, சடங்கு, பொங்கல் என்று எது நடந்தாலும் மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவேன். அடுத்தவன் பாட்டையே போட்டுப் போட்டு அலுத்துப்போய், நாமே பாடினால் என்ன என்று தோன்றிவிட்டது. அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒருவன் கிட்டார் வாசிப்பான். லோடு ஆட்டோ ஓட்டுகிற இன்னொருவன் டிரம்ஸ் அடிப்பான். குரல் என்னுடையது. ராக் பேண்டு என்று சொன்னால் ஊரில் கல்யாணத் தேதியைச் சொல்லி, எவ்வளவு கேட்பீர்கள் என்பார்கள்.

எங்கள் பாட்டுகளை என் மைக் செட் கொட்டகையிலேயே பதிவு செய்தோம். டவுன் பஸ் போகும்போது நிறுத்திவிட்டு, போன பிறகு மறுபடி ஆரம்பிப்போம். ஆல்பத்துக்கு ‘பந்தல்குடி விலக்கு’ என்று பெயர். மெயின் ரோட்டில் இருந்து பந்தல்குடிக்குப் பிரிகிற அந்த விலக்கில் தூத்துக்குடிப் பஸ்கள் நிற்காமல் போவதைப் பற்றி ஒரு பாட்டு. ரோட்டின் நடுவே படுத்திருக்கும் நாயை லாரிக்காரர்கள் சுற்றிப் போவதைப் பற்றி ஒன்று. என் மனைவி என்னோடு பேசாமல் இருக்கும் நாட்களில் பாத்திரங்கள் மட்டும் பேசுவதைப் பற்றி ஒன்று. எந்தப் பாட்டிலும் யாரும் சாகவில்லை. யாருக்கும் தண்ணீர்கூடத் தவிக்கவில்லை.

கிட்டார்க்காரன் அதைச் சென்னையில் ஒரு சின்ன கம்பெனிக்கு அனுப்பினான். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நாங்களே வெளியிடுகிறோம், அட்டைப்படம் எடுக்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். கிட்டார்க்காரனின் அப்பா, பொங்கலுக்குள் இந்த ஆட்டம் முடியாவிட்டால் கடைக் கல்லாவில் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தார். கம்பெனி வெளியிட்டால் அதைக் காட்டித் தப்பிக்கலாம் என்பது அவன் கணக்கு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அட்டைப்படத்துக்காக மதுரையில் போய் ஒரு ஷூ வாங்கியது மட்டும்தான் என் பங்கு.

படம் எடுக்க வந்த தம்பி நல்ல பையன்தான். வண்டியை விட்டு இறங்கியதும் சுற்றிப் பார்த்தான். அந்த வருஷம் மழை கொட்டியிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. அவன் முகம் வாடிப்போனது.

“என்னண்ணா, இவ்ளோ கிரீனா இருக்கு?”

“மழ பேஞ்சா அப்பிடித்தான் ஆகும் தம்பி.”

“இல்லண்ணா. உங்க ஏரியா டிரை ஏரியான்னு சொன்னாங்க. வெடிச்சுப் போன நிலத்துல நீங்க நிக்கணும். அதான் கான்செப்ட்.”

டிரம்ஸ்காரன் என் காதில், “ஏலே, அடுத்த சித்திரைக்கு வரச் சொல்லு, வேண்டிய மட்டும் காட்டலாம்” என்றான்.

ஆனால் ஊருக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற கிறுக்கு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. கேட்டது இல்லை என்று சொல்ல வாய் வராது. மக்காச்சோளம் வேண்டாம், வெடிப்புதான் வேண்டும் என்கிறான், சரி, தேடிக் கொடுப்போம் என்று நான் போனை எடுத்தேன். எடுத்தவன் நேராகப் பரளச்சியில் இருக்கிற என் மாமனாருக்கே போட்டேன். அவர் சம்சாரி, விவசாயம்தான் தொழில். ஊரில் எந்த நிலம் எப்படிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

“மாமா, உங்க பக்கம் வெடிச்ச நெலம் எதுவும் கெடக்கா?”

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“மாப்ள, என்ன கேக்குறீகன்னு தெரிஞ்சுதான் கேக்குறீகளா?”

“இல்ல மாமா, ஒரு போட்டோவுக்கு...”

“கம்மா நெறஞ்சு முந்தாநேத்துதான் மடையில கெடா வெட்டிருக்கோம். ஊரே மழைய வாய் நெறையச் சொல்லிக்கிட்டு இருக்கு. நீங்க வெடிப்பு இருக்கான்னு கேக்குறீக. பிள்ள பெத்த வீட்டுல போயி பாடை இருக்கான்னு கேப்பீகளா?”

“தப்புதான் மாமா.”

“உங்களுக்குப் பொண்ணக் குடுத்தப்பவே உங்க தாய்மாமன் சொன்னாரு, பையன் கொஞ்சம் பாடுவான்னு. இம்புட்டுத் தூரம் போகும்னு சொல்லல.”

வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கண்மாய் நிறைந்து கிடா வெட்டிய பிறகு தண்ணீர் வற்றும்வரை யாரும் வறட்சி என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள். எனக்கும் தெரியும். மைக் செட்டில் அந்தக் கிடா வெட்டுக்குப் பாட்டுப் போட்டவனே நான்தான். சென்னைத் தம்பி முகம் வாடியதைப் பார்த்ததும் புத்தி மக்காச்சோளத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டது.

கடைசியில் டிரம்ஸ்காரன்தான் கண்டுபிடித்தான். பந்தல்குடி ரோட்டில் லாரி கழுவும் வாட்டர் சர்வீஸ் ஒன்று உண்டு. மோட்டார் கெட்டு கொஞ்ச நாளாகப் பூட்டிக் கிடந்தது. பின்பக்கம் லாரிகளைக் கழுவி ஓடிய சேறு தேங்கி, மழை விட்ட பிறகு அடித்த வெயிலில் காய்ந்து, வெடித்துக் கிடந்தது. ஒரு கட்டில் அளவு இருக்கும். தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“செம அண்ணா. ஷூவக் கழட்டிருங்க. கால் தெரியணும்.”

கழற்றினேன். கட்டில் அளவு இடத்தில் மூன்று பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நின்றோம். சிரிக்காதீர்கள், வானத்தைப் பாருங்கள் என்றான். பார்த்தோம். மழை மேகம் கூடிக்கொண்டிருந்தது. அதையும் படத்தில் வராமல் பார்த்துக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து ஒரு சடங்கு வீட்டில் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது அட்டைப்படம் போனில் வந்தது. கட்டில் அளவு வெடிப்பைக் கம்ப்யூட்டரில் அடிவானம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். நடுவில் நாங்கள் மூன்று பேர், செருப்பில்லாமல், தண்ணீர் லாரி வருமா என்று பார்ப்பதுபோல. மேலே ‘தாகம்’ என்று எழுதியிருந்தது. பந்தல்குடி விலக்கைக் காணோம். பாத்திரம் பேசுகிற பாட்டையும் எடுத்துவிட்டார்களாம். அது சிரிப்பாக இருக்கிறது, மற்றதோடு ஒட்டவில்லையாம்.

மரத்தில் இருந்து இறங்கித் தம்பிக்குப் போன் போட்டேன்.

“தம்பி, பேரு மாறியிருக்கு.”

“ஆமாண்ணா. கேக்கறவங்களுக்கு ஒரு ஸ்டோரி வேணும்ணா. உங்க மண்ணோட வலி.”

“எங்க பாட்டுல இருக்கிறது கதையில்லையா?”

“பஸ் நிக்கலைங்கறது ஒரு ஸ்டோரியாண்ணா?”

“நீங்க கைப்பிள்ளையோட அந்த வெலக்குல ஒரு மத்தியானம் நின்னு பாருங்க. அப்பறம் சொல்லுங்க.”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மழை பெய்யாத வருஷங்களும் எங்களுக்கு இருந்தன. விதைத்தது முளைக்காமல் என் மாமனார் மாட்டை விற்ற வருஷம் எந்தக் கேமராவும் இந்த ரோட்டில் வந்ததில்லை. வந்திருந்தாலும் அவர் வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டுதான் நின்றிருப்பார். இப்போது வயிறு நிறைந்து நிற்கிறோம், பசித்ததுபோல் நடி என்கிறார்கள். நாங்கள் அழுதால்தான் பாட்டு, சிரித்தால் ஒட்டாது. படிக்காத எனக்கே இது எவ்வளவு கேவலம் என்று புரிகிறது.

“இந்தப் படத்தோட வேணாம் தம்பி. இந்தப் பேரும் வேணாம்.”

“அப்ப ரிலீஸ் பண்ண முடியாதுண்ணா. மத்த ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டீங்களா?”

கேட்கவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். கிட்டார்க்காரன் உட்காரவே இல்லை.

“ஏலே, பேராடா முக்கியம்? பாட்டு வெளிய வரட்டும்ல.”

“அது நம்ம பாட்டா வராது.”

“உனக்கென்ன, மைக் செட்டு இருக்கு. நான் ஆணி நிறுக்கணும். அது தெரியும்ல உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வேணாம்னு சொன்னே?”

“நெறஞ்ச கம்மாயப் பக்கத்துல வச்சுக்கிட்டு லாரி கழுவுன சேத்துல நின்னு தாகம்னு சொல்ல எனக்கு வாய் வரலடா.”

“நின்னேல்ல. ஷூவக் கழட்டிட்டு நின்னேல்ல.”

டிரம்ஸ்காரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எனக்கு அந்தப் பாத்திரப் பாட்டு இல்லாம ஆல்பம் வேணாம். அதுல மட்டுந்தான் நான் ஒழுங்கா அடிச்சிருக்கேன்” என்றான். கிட்டார்க்காரன் வண்டியை எடுத்தான்.

கம்பெனியை விட்டுவிட்டு, பாட்டு எல்லாவற்றையும் நானும் டிரம்ஸ்காரனுமே இணையத்தில் ஏற்றினோம். பழைய பெயர். அட்டையில் அந்த விலக்கின் போர்டு, கீழே நிற்காமல் போகிற ஒரு பஸ்ஸின் பின்பக்கம். கேட்டவர்களில் பாதிப் பேர் என் மனைவியின் சொந்தக்காரர்கள். அவர்களும் அவளைப் பற்றி என்ன பாடியிருக்கிறேன் என்று பார்க்க வந்தவர்கள்.

பொங்கல் கழிந்து இரும்புக்கடைக்குப் போனேன். கிட்டார்க்காரன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டு, கட்டுக்கம்பியைத் தராசில் போட்டான்.

“கேட்டியாடா?” என்றேன்.

“கேட்டேன். மூணாவது பாட்டுல சுருதி வெலகுற.”

“கோவமா இருக்கியா?”

“ஆமா.”

“எனக்குந்தான்.”

“உன் கோவத்துக்கு நான் கல்லாவுல உக்காந்திருக்கேன்” என்றான். பின்னால் ஒரு கொத்தனார் வந்து நின்றார். “வழிய விட்டு நில்லு, யாவாரம் நடக்கணும்.”

ஓரமாக நகர்ந்து, சிமெண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். போ என்று அவன் சொல்லவில்லை. நானும் போகவில்லை.