போர்வை உறைகள்

ஆழ்வார்குறிச்சிக்கு வெளியே, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் கொட்டகையில் பதினோரு வருடம் தரம் பிரித்தேன். வந்து குவிவதில் பெரும்பகுதி பாலிதீன்தான். மற்றவர்களுக்கு எல்லாமே கவர். எங்களுக்கு அப்படியில்லை. கசக்கினால் சத்தமில்லாமல் இழுபடுவது ஒரு ரகம். பால் பாக்கெட் அதில் சேரும். தொட்டாலே சரசரப்பது இன்னொன்று. காய்கறிக் கடையில் கொடுக்கும் பை. குடமும் எண்ணெய்க் கேனும்கூடப் பாலிதீன்தான், கெட்டி ரகம்.

சந்தேகம் வந்தால் ஒரு நுனியைக் கொளுத்தி அணைத்துவிட்டு முகர்ந்து பார்ப்போம். மெழுகுவர்த்தி அணைந்த வாசம் வந்தால் பாலிதீன். நெடி மூக்கைக் குத்தினால் பிவிசி. அது கொஞ்சம் கலந்தாலும் இயந்திரத்தில் கருகி எல்லாம் பாழாகும். அந்தப் புகை நெஞ்சை அடைக்கும். தொட்டித் தண்ணீரில் போட்டும் பார்க்கலாம். பாலிதீன் மிதக்கும், பிவிசி அமிழும். ஆனாலும் மூக்குதான் சீக்கிரம். புரியாததை எல்லாரும் என்னிடம் கொண்டு வருவார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு.

கொரோனாவில் படுத்து எழுந்தபோது வாசனை போயிருந்தது. வீட்டுக்காரருக்குப் பத்து நாளில் திரும்பிவிட்டது. எனக்கு வரவேயில்லை. முட்டி தேய்ந்து அவர் வயல்வேலையை விட்டு, என் கூலியில் வீடு ஓடிய சமயம் அது. கொட்டகையில் நான் வாய் திறக்கவில்லை. கொளுத்துவேன், முகர்வதுபோல் குனிவேன், கையும் காதும் சொன்னதை வைத்து ரகம் சொல்வேன். ரெண்டு வருடம் ஒன்றும் தப்பாகவில்லை.

ஒருநாள் மத்தியானம், இயந்திரத்தில் நிற்கிற பெண் ஒரு சாக்கைத் தூக்கி வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். உள்ளே ஜிப் வைத்த போர்வை உறைகள். பால் கவரைப் போலவே வழுவழுவென்று இருந்தன.

"யக்கா, இது நம்ம ரகந்தானா? பாத்துச் சொல்லுங்க."

கொளுத்தினேன். லேசாகக் கண் கரித்தது. புகை என்றால் கரிக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். தொட்டி நாலு எட்டில்தான் இருந்தது. மூக்கு இருக்கையில் தண்ணீர் எதற்கு என்று கேட்பாளோ என்ற பயத்தில் எழுந்திருக்கவில்லை.

"நம்மதுதான், போடு" என்றேன்.

அதன் பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லாரும் ஓடினார்கள். பாம்பாக இருக்கும் என்று நினைத்து எழுந்து காலடியில் தேடினேன். வாசலிலிருந்து முதலாளி அண்ணாச்சி கத்தினார்.

"எம்மா, அங்கன என்ன தேடுத? வெளிய ஓடியா! இந்த நாத்தம் ஒனக்குத் தெரியலியா?"

திரும்பினேன். கூரை வரை வெள்ளைப் புகை. தொண்டை எரிய ஆரம்பித்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வரலாம் என்று அதன் பக்கத்திலேயே நின்ற அந்தப் பெண்ணை ரெண்டு பேர் இழுத்து வந்தார்கள். இருமி இருமி அவளுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோவில் அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் அண்ணாச்சி கேட்டார். "நீதான பாத்த?"

"ஆமா அண்ணாச்சி. எனக்கு மூக்குல வாசனை தெரியாது."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

"மொதல்லயே சொல்லிருந்தா ஒன்னயத் தொட்டிப் பக்கம் உக்கார வச்சிருப்பேனே, தாயி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் பைய அவர்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளைப் போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நீங்க வேணும்னா செஞ்சிய? விடுங்கக்கா" என்றாள். இதைச் சொல்ல மூன்று தடவை மூச்சு வாங்கினாள். அப்புறம் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அவளும் வேலைக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். என் மூக்கைப் பார்த்த டாக்டர், இத்தனை நாள் ஆகிவிட்டதால் இனி வருவது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது தாமிரபரணிக் கரையில் குப்பை அள்ளுகிறேன். குளித்துவிட்டுப் போகிறவர்கள் விட்ட துணி, சோப்புத்தாள், கவர். முதல் நாள் பழக்கத்தில் கவர்களைத் தனியாக வைத்தேன். மேஸ்திரி சிரித்தார். "எல்லாம் ஒரே லாரிலதான் போவுது. பிரிச்சு என்ன செய்யப் போறிய?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்து போனால் திங்கட்கிழமை கரை பழையபடி கிடக்கிறது. மறுபடி குனிந்து அள்ளுகிறோம்.